கட்-ஆஃப், நீட், ஜே.இ.இ.: குமரி மாவட்ட மாணவர் எந்த மதிப்பெண்ணை நோக்கிப் படிப்பது?

450 மதிப்பெண் போதுமா என்று ஒருவர் கேட்டால், எந்தத் தேர்வில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல இயலாது. பிளஸ் டூ பொதுத்தேர்வில் 600-க்கு 450 என்பது 75 விழுக்காடு. மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்லூரியான என்.ஐ.டி.யில் சேர விரும்பும் பொதுப்பிரிவு, ஓபிசி மாணவரிடம் ஜே.இ.இ. தரவரிசையோடு கூடுதலாகக் கேட்கப்படும் பள்ளித் தகுதியும் அதுவே. ஆனால் அதே விழுக்காட்டை வைத்துக்கொண்டு பொறியியல் கலந்தாய்வில் கிண்டிக் கல்லூரியின் கணினிப் பிரிவை நினைக்க முடியாது. நீட் தேர்வில் 720-க்கு 450 என்பது ஓர் ஆண்டில் ஒரு பொருளையும் மறு ஆண்டில் வேறு பொருளையும் தரும். ஜே.இ.இ. முதன்மைத் தேர்விலோ மொத்தமே 300 என்பதால் அப்படி ஒரு மதிப்பெண்ணே கிடையாது. ஆயினும் மே, ஜூன் மாதங்களில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பேருந்து நிலையங்களைச் சுற்றி எழும் பயிற்சி நிலையப் பதாகைகள் அத்தனையும் மதிப்பெண்ணைத்தான் பெரிதாக அச்சிடுகின்றன. மாணவருக்கு இடம் வாங்கித் தருவது தரவரிசை. அது பதாகையில் இருப்பதில்லை, இருந்தாலும் கண்ணில் படும் அளவில் இருப்பதில்லை.

ஆகவே இந்தத் தேர்வுகளை ஒப்பிடும்போது எவ்வளவு மதிப்பெண் என்பதைக் காட்டிலும், எந்த வரிசையில், எவரோடு, எத்தனை இடங்களுக்காக நிற்கிறோம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். என் கணிப்பை முன்பே சொல்லிவிடுகிறேன்: குமரி மாவட்டத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பெரும்பாலான மாணவர்களுக்குப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே அடித்தளம், அதன்மேல் ஒரே ஒரு நுழைவுத்தேர்வை வைத்துக்கொள்வதே தகும். மூன்று நுழைவுத்தேர்வுகளுக்கு ஒரே ஆண்டில் விண்ணப்பித்துவிட்டு எதற்கும் முழுதாகப் படிக்காமல் போவதுதான் இங்கே அதிகம் நடப்பது.

பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் கணக்கு எளியது. கணிதம் 100, இயற்பியலில் பாதி 50, வேதியியலில் பாதி 50, ஆக மொத்தம் 200. கணிதத்தில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 95 எடுத்த மாணவிக்கு 96, 46, 47.5 என்று சேர்ந்து 189.5 வரும். கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண் இயற்பியலில் இழக்கும் இரண்டுக்குச் சமம் என்பது இந்தக் கூட்டலிலேயே தெரியும். இருந்தும் கடைசி இரண்டு மாதங்களில் இயற்பியல் தனிப்பயிற்சிக்கு ஓடிவிட்டு, கணிதத்தில் 94-ஐ 98 ஆக்கும் உழைப்பைக் கைவிடும் பிள்ளைகள் ஏராளம். கட்-ஆஃப் சமமாக வந்தால் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் மதிப்பெண் என்று பார்த்துக்கொண்டே போய், எல்லாம் ஒத்துவிட்டால் பிறந்த தேதியும் இறுதியில் சமவாய்ப்பு எண்ணும் முடிவு செய்கின்றன. உச்சியில் இது வெறும் சம்பிரதாயமான விதி அன்று. 2025-ஆம் ஆண்டுத் தரவரிசைப் பட்டியலில் 200-க்கு 200 பெற்றவர்களே 144 பேர்.

தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத்தேர்வு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நீக்கப்பட்டது. பொறியியலில் இன்றும் அந்த நிலையே தொடர்கிறது. வேளாண்மைக்கும், மாநில ஒதுக்கீட்டுக் கால்நடை மருத்துவத்துக்கும், செவிலியர் படிப்புக்கும் அரசுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். கோணத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியானாலும், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியானாலும், சுங்கான்கடையிலோ தக்கலைப் பக்கமோ உள்ள தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களானாலும் ஒரே பட்டியலிலிருந்துதான் நிரம்புகின்றன. இங்கே எதிர்பார்ப்பை அமைத்துக்கொள்வதற்கு நம்பத்தகுந்த வழி, முந்தைய ஆண்டில் அந்தக் கல்லூரியின் அந்தப் பாடப்பிரிவில், தன் இனப்பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் தரவரிசை எண்ணைப் பார்ப்பது. அவருடைய கட்-ஆஃப் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் எல்லாருடைய கட்-ஆஃபும் சேர்ந்து உயர்கிறது, வரிசையில் நிற்கும் இடம் மட்டும் மாறுவதில்லை.

இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் முதலிய படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குமரி மாவட்டத்தில் மிஷன்களும் மறைமாவட்டங்களும் பிற அறக்கட்டளைகளும் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் மிகுதி. ஆசிரியருக்கு அரசு சம்பளம், பாடநூல் இலவசம், மதிய உணவு உண்டு என்பதால் அவையும் அரசுப் பள்ளிகளே என்று பல பெற்றோர் எண்ணுகின்றனர். இந்த ஒதுக்கீட்டில் அவை சேரா. நீரோடியிலிருந்தோ பேச்சிப்பாறையிலிருந்தோ வந்து உதவி பெறும் பள்ளியில் படித்த மீனவர் மகளும் ரப்பர் பால் வெட்டுபவர் மகனும், லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளியின் மாணவரோடு அதே வரிசையில்தான் நிற்கின்றனர். இது நியாயமா என்று வாதிட இடம் உண்டு. ஆனால் எதிர்பார்ப்பைக் கணக்கிடும்போது இதை மறந்துவிட்டால், அடுத்த தெரு அரசுப் பள்ளி மாணவருக்குக் கிடைத்த மருத்துவ இடத்தின் மதிப்பெண்ணைத் தன் பிள்ளைக்கும் இலக்காக வைத்து ஏமாறுவதில் போய் முடியும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு நீட் எழுதுவது உண்மையாகவே வேறு கணக்கு. அவருக்கு அதை முதல் தெரிவாக வைக்க நான் தயங்க மாட்டேன்.

நீட் 180 வினாக்கள், 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 குறைவு. இதில் மிகப் பெரிய குழப்பம் தகுதி மதிப்பெண்ணைப் பற்றியது. பொதுப்பிரிவுக்கு 50 பெர்சன்டைல் என்று அறிவிக்கப்படுவதைப் பாதி மதிப்பெண், அதாவது 360 என்று புரிந்துகொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுதியவர்களில் பாதிப் பேரைவிட மேலே இருந்தால் போதும் என்பதே அதன் பொருள். 2025-இல் அது 144 மதிப்பெண்ணிலேயே அமைந்தது, 2024-இல் 162. ஓபிசி, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் பிரிவுகளுக்கு 40 பெர்சன்டைல் என்பதால் இன்னும் கீழே. ஆனால் தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. 2025-இல் ஏறக்குறைய 22 லட்சம் பேர் எழுதி 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றனர், நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் தனியார் கல்லூரிகளையும் சேர்த்துச் சுமார் 1.2 லட்சம். தகுதி பெற்றுவிட்டான் என்று வீட்டில் லட்டு கொடுப்பதில் தவறில்லை, அதை வைத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் தவறு.

ஆண்டுக்கு ஆண்டு நீட் மதிப்பெண்ணை ஒப்பிடுவது எவ்வளவு பொருந்தாது என்பதற்கு 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளே போதும். 2024-இல் திருத்தப்பட்ட முடிவின்படியும் 17 பேர் முழு 720 பெற்றனர். 600-க்கு மேல் பெற்றவர்கள் எண்பதாயிரம் பேரளவில் இருந்தனர். 2025-இல் இயற்பியல் வினாக்கள் கடினமாக வந்தன. நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686, 600-ஐத் தாண்டியவர்கள் ஏறத்தாழ 1,300 பேர் மட்டும். 2024-ஐ அளவாக வைத்து 620 இல்லாவிட்டால் வாழ்க்கை இல்லை என்று நினைத்திருந்த மாணவர் 2025-இல் 540 பெற்று அழுதுகொண்டிருந்திருப்பார். தரவரிசை வந்தபோதுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணைச் சென்ற ஆண்டின் கட்-ஆஃபோடு நேராக ஒப்பிடக் கூடாது. சென்ற ஆண்டின் அசல் வினாத்தாளையே மூன்று மணி நேரத்தில் எழுதிப் பார்த்து, அந்த ஆண்டின் மதிப்பெண்-தரவரிசைப் பட்டியலில் தன் இடத்தைத் தேடுவதே ஓரளவு உண்மையைக் காட்டும்.

தமிழ்வழி மாணவர்கள் நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஜே.இ.இ. முதன்மைத் தேர்வையும் எழுதலாம். வினாத்தாளில் ஆங்கிலமும் உடன் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018-இல் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் பிழை இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டு, உயர்நீதிமன்றம் 196 கருணை மதிப்பெண் வழங்க ஆணையிட்டதும், பின்னர் உச்சநீதிமன்றம் அதை நீக்கியதும் பலருக்கு நினைவிருக்கும். ஆகையால் தமிழில் எழுதுபவரும் பாடச் சொற்களின் ஆங்கில வடிவத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஐ.ஐ.டி.களில் சேர்வதற்கான அடுத்த கட்டமான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது.

ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு ஜனவரி, ஏப்ரல் என்று இருமுறை நடக்கும். இரண்டில் எது மேலோ அதுவே தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளப்படும். பல வேளைகளில் பல வினாத்தாள்களை வைத்து நடப்பதால் இதில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் பெர்சன்டைல் தருகின்றனர். 99 என்று கேட்டதும் நூற்றுக்கு 99 எடுத்ததுபோல் மகிழ்வது இயல்பு. 2025-இல் இத்தேர்வை எழுதியவர்கள் 14.75 லட்சம் பேர். அதில் ஒரு விழுக்காடு என்பது 14,750. அதாவது 99 பெர்சன்டைல் பெற்றவருக்கு முன்னால் ஏறக்குறைய பதினைந்தாயிரம் பேர் நிற்கிறார்கள். 95 என்றால் அந்த எண் எழுபதாயிரத்தைத் தாண்டும். அட்வான்ஸ்டு எழுதப் பொதுப்பிரிவுக்கு அந்த ஆண்டு வேண்டியிருந்தது 93.10, இங்கும் தகுதிக்கும் இடத்துக்கும் இடையே அதே தொலைவு உண்டு. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பதால் நமக்குக் கொஞ்சம் தளர்வு கிடைக்கிறது. என்றாலும் 98-க்குக் கீழே நிற்கும் பொதுப்பிரிவு மாணவர் அங்கே கணினி, மின்னணுப் பிரிவுகளை எதிர்பார்க்க முடியாது. கட்டணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: என்.ஐ.டி.களின் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1.25 லட்சம், குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் முழு விலக்கு, ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை மூன்றில் இரு பங்கு விலக்கு, பட்டியல் இன, பழங்குடி மாணவருக்கு முழு விலக்கு.

நம் ஊருக்கு அருகே இருந்தும் அதிகம் பேசப்படாத இரண்டு நிறுவனங்கள் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளன. வலியமலையில் உள்ள விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் அட்வான்ஸ்டு தரவரிசையை வைத்துச் சேர்க்கிறது. விதுரையில் உள்ள ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம், நாட்டின் எல்லா ஐசர்களுக்கும் பொதுவான ஒரு திறனறித் தேர்வின் வழியாகச் சேர்க்கிறது. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் தலா 15 வினாக்கள், மொத்தம் 240 மதிப்பெண். மருத்துவம் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சி என்று எண்ணும் மாணவருக்கு இது நீட் படிப்போடு ஒட்டிய ஒரு வழி. உயிரியலும் கணிதமும் சேர்ந்த முதல் குரூப் எடுத்தவருக்கு வசதி இன்னும் கூடுதல்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். டெல்லி, புதுச்சேரி, திருவாரூர், காந்திகிராமம் என்று வெளியே போய்க் கலை, அறிவியல் படிக்க உறுதியாக விரும்புபவருக்கு மட்டும் அது தேவை. ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலோ தெ.தி. இந்துக் கல்லூரியிலோ ஹோலி கிராஸிலோ இயற்பியலோ ஆங்கிலமோ படிக்க விரும்பும் பிள்ளைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். உடன் படிப்பவர் விண்ணப்பித்தார் என்பதற்காகத் தானும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

இனி எதை எதனோடு சேர்ப்பது என்பது. கணிதம் எடுத்த மாணவருக்குப் பொதுத்தேர்வும் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வும் ஓரளவு கைகோத்துப் போகும். ஜனவரித் தேர்வில் 90 பெர்சன்டைலை எட்டாதவர் ஏப்ரலை விட்டுவிட்டுப் பொதுத்தேர்வில் கணிதத்தை முழுமையாக்கினால் அதிகம் பெறுவார் என்பது என் எண்ணம். கட்-ஆஃப் 185-இலிருந்து 193-க்கு ஏறுவது கலந்தாய்வில் ஆயிரக்கணக்கான இடங்களைத் தாண்டுவது. 82 பெர்சன்டைலிலிருந்து 88-க்கு ஏறுவதால் பொதுப்பிரிவிலோ ஓபிசியிலோ நிற்பவருக்குக் கிடைப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உயிரியல் எடுத்தவர் நீட் எழுதுவதோடு, கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியர் என்ற மதிப்பெண் வழிகளையும் திறந்து வைத்திருக்க வேண்டும். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதற்கும் நீட் தகுதி தேவை என்றாலும் எட்டக்கூடிய தரவரிசை எம்.பி.பி.எஸ். இடத்தைவிடக் கீழே. இன்னொன்று: பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அந்த ஆண்டுப் பாடத்தை மேலோட்டமாக விட்டுவிடும் ஆசை வரும். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் ஏறத்தாழப் பாதி வினாக்கள் அந்தப் பாடத்திலிருந்தே வருகின்றன என்பதால், பொதுத்தேர்வு மட்டும் போதும் என்று முடிவு செய்தவருக்கே அந்தச் சுதந்திரம் உண்டு.

நீட் தேர்வை மீண்டும் எழுதுவதா என்பது மிகக் கடினமான முடிவு. அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இருமுறை மட்டுமே எழுத முடியும். முதன்மைத் தேர்வுக்கு மூன்று ஆண்டுகள். நீட்டுக்கு இப்போது உச்ச வயதும் இல்லை, முயற்சிக்கு எண்ணிக்கையும் இல்லை. ஆகவே எங்கே நிறுத்துவது என்பதைக் குடும்பமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மாநிலத் தரவரிசையில் தன் பிரிவில் கடைசியாக அரசு இடம் பெற்றவரின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையின் எண் அதைப்போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் ஓர் ஆண்டு கொடுக்கலாம். மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று தள்ளி இருந்தால், மழைக்காலத்தில் பால் வெட்டு நின்று வருமானம் சுருங்கும் வீட்டில் நகையை அடகு வைத்து விடுதிப் பயிற்சிக்கு அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாம் முறையும் தவறினால் மூன்றாம் முறை வேண்டாம் என்பதை முதல் முறைக்குப் பின்னரே பேசி வைத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் அது பிள்ளைமீது விழும் தண்டனையாகத் தோன்றாது.

எல்லையோரக் குடும்பங்களுக்குத் தனியே ஒரு செய்தி உண்டு. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ பிளஸ் டூ படிக்கிறார்கள். என்.ஐ.டி. சேர்க்கையில் சொந்த மாநிலம் என்பது பிளஸ் டூ தேர்ச்சி பெற்ற மாநிலம். எனவே அவர்களுக்குத் திருச்சிக்குப் பதிலாகக் கோழிக்கோடு சொந்த மாநிலக் கல்லூரி ஆகிவிடும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் அவர்கள் இருப்பிடச் சான்றிதழ் காட்டிச் சேரலாம். ஆனால் அரசுப் பள்ளி ஒதுக்கீடு பறிபோகும். இந்த இழப்பு பதினோராம் வகுப்பில் சேரும் நாளிலேயே முடிவாகிவிடுவது; பன்னிரண்டில் தெரிந்துகொண்டு திருத்த முடியாது.

சான்றிதழ்களும் தரவரிசையை மாற்றுபவை. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழுக்கு வருமான வரம்பு இல்லை. மத்திய நிறுவனங்கள் கேட்கும் ஓபிசி சான்றிதழுக்கு உண்டு, எட்டு லட்சம் ரூபாய். சம்பளமும் வேளாண் வருமானமும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் ரப்பர் தோட்ட வருமானம் வேளாண் வருமானமாகக் கருதப்படாமல் கணக்கில் சேர்க்கப்படுகிறது. இது குலசேகரம், திற்பரப்பு, அருமனைப் பகுதித் தோட்டக்காரர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். என்.ஐ.டி. கலந்தாய்வுக்கு அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய சான்றிதழே செல்லும். சென்ற ஆண்டுக்கு வாங்கியதைப் பதிவேற்றினால் பிள்ளை பொதுப்பிரிவு வரிசைக்குத் தள்ளப்படுவார். ஆகவே ஜே.இ.இ. எழுதும் பிள்ளையின் வீட்டில், பொதுத்தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஈ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். மே மாதத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் எல்லாரும் ஒன்றாக வந்து குவிவார்கள்.